பந்து மரத்தில் கட்டிய வலை

கோயிலில் ஆறு மணி அடித்து ஓய்ந்து எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது, நான் இன்னும் முதல் பத்தின் மூன்றாவது மணியைத் தாண்டவில்லை. விரல்தான் காரணம். செபமாலையை உருட்டுவது பெருவிரல், கடிபட்டதும் அதே பெருவிரல். ஒவ்வொரு மணியைத் தள்ளும்போதும் சுற்றிக் கட்டியிருக்கிற வேட்டிக்கிழிசல் சங்கிலியில் மாட்டிக்கொள்கிறது, மாட்டினால் வலிக்கிறது, வலித்தால் சொல்லிக்கொண்டிருந்த மந்திரம் பாதியில் அறுந்துபோகிறது, அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. இடது கைக்கு மாற்றிப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயதுவரை செபம் சொல்லிப் பழகாத கை, திடீரென்று சொல் என்றால் சொல்லுமா. மாதாவே, பத்தே பத்து மணிகள் தடங்கலில்லாமல் உருள வேண்டும் என்று கேட்பது அவ்வளவு பெரிய ஆசையா. வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், எதிரே மரம், மரத்தின் தாழ்ந்த கிளையில் அது தொங்குகிறது, காய்ந்த இலை ஒன்று இடம் தவறி ஒட்டிக்கொண்டதுபோல. அது பறந்துபோக வேண்டும். மகன் ரெக்ஸனின் பைக் வாசலில் வந்து நிற்பதற்குள் பறந்துபோக வேண்டும். அஞ்சு மணிக்கு அவனும் மருமகள் ஸ்டெஃபியும் குழந்தையை ஊசி போட எடுத்துப் போனார்கள். என் பேத்தி ஜெனியா, பிறந்து மூன்றரை மாதம். ஊசி போட்ட பிள்ளை அழுதுகொண்டுதான் வரும். வந்ததும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஸ்டெஃபி செருப்பைக் கழற்றுவதற்கு முன்னமே "மாமி, பிடிங்க" என்று என் கையில் தருவாள். இந்தக் கையில். ஒரு மணிநேரத்துக்கு முன் வவ்வால் கடித்த கையில்.

சொல்லிவிடலாம். வந்ததும் சொல்லிவிடலாம், மோனே, என்னை வவ்வால் கடித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. ஒரே வாக்கியம். வாய்க்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், பத்துத் தடவையும் அடுத்து ரெக்ஸன் என்ன சொல்வான் என்பதும் கூடவே வந்து நிற்கிறது. "எங்க வச்சு கடிச்சிச்சு?" என்பான். வலையில் என்பேன். "வலை கெட்டினா வராதுன்னுதானே அக்கா சொன்னா?" என்பான். அங்கே என் வாய் நின்றுவிடும். ஏனென்றால் அக்கா அப்படிச் சொல்லவில்லை. அக்கா எதுவுமே சொல்லவில்லை. சொன்னதெல்லாம் நான். அது வெளியே வந்தால் மரமும் போகும், நானும் போனேன். சொல்லாமல் விட்டால்? சும்மா இரண்டு பல் பட்ட இடம், மிளகு வைத்தால் மூடிவிடுகிற அளவு, நாளைக் காலையில் ஆறிவிடும். ஆறிவிடாவிட்டால்? என் மகள் அனிற்றா கையுறை போட்டுக்கொண்டு இந்த வவ்வால் சாதிகளைத் தூக்கிப் பார்க்கிறவள், அவள் ஒரு தடவை சொன்னது இப்போது நினைவுக்கு வராமல் இருக்கக்கூடாதா. "வெறிநாய்க்கு உள்ள அதே நோய் இதுகளுக்கும் இருக்கலாம்மா. சின்னக் கீறலுன்னாலும் கால் மணிநேரம் ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவணும், கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி." கழுவினேன். அவள் சொன்னபடியே துணிசோப்பைத் தேய்த்துக் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கால் மணிநேரம் எவ்வளவு என்று எப்படித் தெரியும், கடிகாரம் உள்ளே இருக்கிறது, அதனால் அருள் நிறை மந்திரத்தைச் சொல்லிச் சொல்லி அளந்தேன். அங்கேயே எல்லாச் செபமும் தீர்ந்துபோயிற்றோ என்னவோ, இங்கே நாற்காலியில் உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. பாதிதான் செய்திருக்கிறேன். கழுவிவிட்டு நேரா ஆஸ்பத்திரி என்றாள், நான் கழுவிவிட்டு நேரே நாற்காலிக்கு வந்துவிட்டேன்.

வவ்வால் என்று மொட்டையாகச் சொன்னாலே அனிற்றாவுக்குப் பொறுக்காது. தேன் வவ்வால் என்று சொல்லணும்மா, என்பாள். கோயம்புத்தூர்ப் பக்கம் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், ரெக்ஸனுக்கு மூன்று வயது மூத்தவள், இந்த மரத்தைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கன்றாகக் கொண்டுவந்து நட்டவளும் அவள்தான். போன கிறிஸ்துமஸ் லீவில் என்னை உட்கார்த்தி ஒரு பெரிய சார்ட்டு எழுதவைத்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு. "உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும்மா, எனக்க எழுத்து நண்டு நடந்தது." கன்னியர் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து, அதற்கு இவ்வளவு வயதில் ஒரு மரியாதை. அடிக்கோல் வைத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் தேன் வவ்வால், வலது பக்கம் பந்து மரம். மோளே, பறக்கிறதையும் நிக்கிறதையும் ஒரே தட்டில் எப்படி வச்சு நிறுக்க, என்று கேட்டேன். "நிறுக்கலம்மா, ஒப்பிட்டுப் பாக்கோம், எது உசத்தின்னு இல்ல." பெறவு என்னத்துக்கு நடுவுல கோடு? "கோடு போட்டாதான் வாத்தியாருக்குப் புரியும்." சிரித்துச் சிரித்து மை கொட்டப் பார்த்தது. இந்த மரம் பயறு வர்க்கம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இம்புட்டு ஒசரத்துக்குப் பயறா, என்றேன். நெத்தைக் காட்டினாள், கொத்தாகத் தொங்குகிற நீட்டு நெத்து, பாருங்க, புளியும் பயறும் இதும் ஒரே குடும்பம்மா, வாளைமீனும் சாளையும் ஒரே கடல்ல கெடக்கலையா. நான் எழுதினேன். கனம்: வவ்வால், ஒரு எலுமிச்சம்பழம். மரம், நிறுக்க முடியாது. தூரம்: வவ்வால், மலையடியில் குகையிலிருந்து ஓர் இராத்திரிக்கு முப்பது கிலோமீட்டர். மரம், நட்ட இடத்திலிருந்து ஓர் அடி இல்லை. பிள்ளை: அந்தக் கட்டத்தில் என் பேனா கொஞ்சம் நின்றது. வவ்வால், ஒரு பேற்றுக்கு ஒரு குட்டி, குட்டி தாயின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே இருக்க, தாய் அதையும் சுமந்துகொண்டு பறக்கும். மரம், ஒரு வருசத்தில் நூறு நெத்து, நெத்துக்குள் அடுக்கடுக்காக விதை, பழுத்ததும் விட்டுவிடும், விழுந்தது எங்கே போயிற்று என்று பார்க்காது. இதில் நான் எது மோளே, என்று கேட்டேன். கேட்டது விளையாட்டுக்குத்தான். அவள் விளையாட்டுக்குப் பதில் சொல்லவில்லை. "நீங்க ரெண்டுமே இல்லம்மா, நீங்க ரெண்டு பக்கமும் தலையாட்டுற ஆளு" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் தலையை வைத்தாள். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

தலையாட்டாமல் என்ன செய்வது. ஒருவன் இந்தக் கையைப் பிடித்து இழுக்கிறான், ஒருத்தி அந்தக் கையை. குழந்தை பிறந்து ஸ்டெஃபி தாய்வீட்டில் இருந்தபோது டிவியில் ஏதோ காய்ச்சல் காட்டினார்கள், வவ்வாலால் வருகிறதாம். அன்றைக்கே ரெக்ஸன், "எம்மா, இந்த மரத்த வெட்டாம எனக்க பிள்ளைய இந்த வீட்டுக்குள்ள கொண்டுவர மாட்டேன்." போனில் அனிற்றாவிடம் சொன்னால் அவள் அதற்கு மேலே, "மரத்துல கத்தி பட்டா எனக்கு அம்மை வீடுன்னு ஒண்ணு இல்ல, பாத்துக்கிடுங்க." இரண்டு பேரும் என்னிடம்தான் சொன்னார்கள். ஒருத்தரிடம் ஒருத்தர் சொல்லிக்கொண்டால் என்ன, வாய் இல்லையா. அம்மாவிடம் சொன்னால் அம்மா கொண்டுபோய்ச் சேர்ப்பாள், சேர்க்கிற வழியில் முள்ளை எல்லாம் எடுத்துவிட்டுச் சேர்ப்பாள், அது அவர்களுக்குப் பழக்கம், எனக்கும் பழக்கம். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. கடற்கரையில் பிறந்து கடற்கரையில் வாழ்க்கைப்பட்டவளுக்கு வேறென்ன புத்தி வரும். காக்கா கருவாட்டைத் தூக்கினால் வலை, கோழி செடியைக் கொத்தினால் வலை, பந்தல் போட வலை, தொட்டில் கட்ட வலை. அவர் இறந்தபிறகு அவருடைய சாளை வலை ஓட்டுச் சாய்ப்பில் மூட்டையாகக் கிடந்தது, யாருக்கும் கொடுக்க மனது வரவில்லை. தேங்காய் வெட்ட வந்த ஆளைப் பிடித்து, வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளைகளையெல்லாம் அந்த நைலான் நரம்பு வலையால் மூடிக் கட்டச் சொன்னேன். வவ்வால் வரும், வலையைப் பார்க்கும், ஓ இங்கே வழி இல்லை என்று போய்விடும், மரமும் நிற்கும், பிள்ளையும் வரும். இப்படித்தான் நினைத்தேன். வலை என்றால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா. பிறந்ததிலிருந்து சுற்றிலும் வலை. கண்ணுக்குத் தெரிந்தால் எந்த மீன் வலையில் போய் விழும்? இருந்தும் நினைத்தேன். ரெக்ஸன் வேலை முடிந்து வந்து அண்ணாந்து பார்த்து, இது என்ன என்றான். என் வாயில் வந்தது இது: "அக்காதான் மோனே சொன்னா, வலை கெட்டினா போதும், வராதுன்னு." படித்த அக்கா சொன்னால் அவனுக்குச் சமாதானம். மூன்றாம் நாள் அனிற்றா வீடியோவில் கூப்பிட்டபோது என் தலைக்குப் பின்னால் வலை தெரிந்துவிட்டது. அவள் முகம் போன போக்கு. "அது யாரும்மா கெட்டினது?" அப்போது என் வாயில் வந்தது இது: "ரெக்ஸன் கெட்டினான் மோளே. நான் என்ன செய்ய." இரண்டும் வெவ்வேறு நாள், வெவ்வேறு பேச்சு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி நடுவில் கோடு போட்டுப் பார்க்கிறவர் யார். அன்றிலிருந்து இன்றோடு இருபத்துமூன்று நாள், அக்காவும் தம்பியும் பேசவில்லை. அவள் இவன் நம்பரை நிறுத்திவைத்துவிட்டாளாம். இவன், "காலேஜ்ல வேலைன்னதும் ஒரு நெனப்பு, எனக்க பிள்ளைய ஒரு வாட்டி பாக்கணும்னு தோணிச்சா" என்கிறான். வருகிற ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம், ஞானத்தாய் அனிற்றா என்று முதலிலேயே பேசி வைத்தது, இப்போது ஸ்டெஃபியின் தங்கச்சி பெயரைச் சாமியாரிடம் கொடுக்கப்போகிறானாம். இருபத்துமூன்று நாளும் நான் இந்த நாற்காலியில் இருந்து, முடிச்சவிழ்க்கும் மாதாவே, என் பிள்ளைகளுக்கு நடுவில் விழுந்த முடிச்சை அவிழ்த்துத் தாரும் என்று செபமாலை சொல்லியிருக்கிறேன். போட்டவளே அவிழ்க்கச் சொல்லிக் கேட்கிறாள். மாதாவுக்குச் சிரிப்பு வராதா. மூன்றாவது மணி. இல்லை, இது இரண்டாவதா.

இன்றைக்கு அவர்கள் போனபிறகு முற்றம் பெருக்கினேன். இந்த மரத்தின் பூ உதிர்ந்தால் முற்றமெங்கும் பந்து, பஞ்சுப் பந்து, மிதித்தால் வழுக்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற இடம். பெருக்கிக்கொண்டு நிமிர்ந்தால் வலையில் ஏதோ ஒரு நெத்து சுருண்டுகிடக்கிறது என்று பட்டது. நெத்து அசைந்தது. நேற்று இராத்திரியே விழுந்திருக்கிறது. பகல் முழுக்க, அந்த வெயிலில், என் தலைக்கு மேலே. நான் அதன் கீழே துணி காயப்போட்டேன், கீழே நின்று பக்கத்து வீட்டுப் பிரகாசியிடம் மீன்விலையைக் கேட்டேன், கீழே நின்று குழந்தைக்குக் காக்கா காட்டினேன். ஒரு சத்தம் போடக்கூடாதா சவமே. ஸ்டூல் போட்டு ஏறினேன். சிறகு முழுக்க நரம்பு சுற்றி, பிய்க்கப் பிய்க்க இறுக்கிக்கொண்டிருந்தது. நாய்முகம். நாய்க்குட்டியின் முகம், பெரிய கண், என்னை நேரே பார்த்த கண். அவிழ்க்கத்தான் முதலில் பார்த்தேன், சத்தியமாக, அவர் கைபட்ட வலை, அவர் பல்லால் கடித்து நரம்பு அறுத்துப் பொத்தின இடம்கூட எது என்று சொல்வேன், அதில் கத்தி வைக்க மனது வருமா. அந்த மனது வராததில் ஐந்து நிமிஷம் போயிற்று. அதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. உள்ளே போய் மீன்கத்தரியை எடுத்து வந்து துண்டை அதன்மேல் போட்டு வலையில் ஒரு கண் வெட்டினேன், இரண்டாவது கண், மூன்றாவது. சிறகை விலக்கினபோதுதான் பார்த்தேன், நெஞ்சில் இன்னொன்று. கட்டைவிரல் அளவு. ரோமம் சரியாக முளைக்கவில்லை. வாயால் தாயைக் கவ்விப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கிடந்தது. நான் அதை விலக்க நினைக்கவில்லை, மாதாவே, உமக்குத் தெரியும், சிறகு மடங்காமல் பார்க்கத்தான் விரலைக் கொண்டுபோனேன். அது என்னமாய்த் தெரிந்ததோ அதற்கு. துண்டோடு சேர்த்துக் கடித்தது. பகல் முழுக்கச் சாகக் கிடந்த சீவன், எங்கிருந்து வந்தது அந்தப் பல்லுக்கு அவ்வளவு பலம். நான் அதன்மேல் கோபப்பட முடியவில்லை. அங்கேதான் எனக்கு எரிச்சல். யார்மேலாவது கோபப்பட்டால் கொஞ்சம் ஆறும். அதன்மேலும் முடியவில்லை, மரத்தின்மேலும் முடியவில்லை, பிள்ளைக்காகப் பயப்படுகிற ரெக்ஸன்மேல் முடியுமா, அனிற்றாமேல் முடியுமா. சுற்றிச் சுற்றி வந்து நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலியிலேயே வந்து முட்டுகிறது. மீதியை வெட்டினதும் அது தொப்பென்று தூரில் விழுந்து, சிறகுமுனையை ஊன்றி ஊன்றி, ஊன்றுகோல் வைத்த கிழவிபோல மரத்தில் ஏறிற்று. அந்தக் கிளையில் தலைகீழாகத் தொங்கியது. அப்போது முதல் அங்கேதான். பறக்கவும் இல்லை, விழவும் இல்லை. எனக்கு நல்ல துணைதான்.

"என்ன அமலி, லைட்டுகூடப் போடாம? செபமா, தூக்கமா?" மதிலுக்கு மேல் பிரகாசியின் தலை. பெருத்த வாய், நல்ல மனசு. செபம்தான் என்றேன். "எனக்கும் சேத்துச் சொல்லிரு, எனக்கு அரிசி வடிக்கணும்." சிரித்தேன். போய்விடுவாள் என்று பார்த்தால் கழுத்தை நீட்டி, "கையில என்னட்டி கெட்டு?" என் வாய் என்னைக் கேட்காமல், "சூரை முள்ளு" என்றது. "இன்னைக்கு நம்ம தொறையில சூரை எங்க பட்டுது? காலம்பற முழுக்க வெறும் நெத்திலி." நேற்றைய சூரை, என்றேன். "நேத்து வெள்ளிக்கிழம, நீ மீனே தொடமாட்ட, மஞ்சத்துணி கெட்டாத கொறைதான்." அவளுக்குச் சிரிப்பு. முள்ளு பழையது, என்றேன், இப்பத்தான் வலி எடுக்கு. "பழைய முள்ளு இப்ப வலிக்கும்னா எனக்க மாப்பிள்ளைக்கு ஒடம்பு பூரா வலிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே தலை கீழே போயிற்று. அரிசி கொதிக்கிற மணம் வந்தது. கேட்டால் யார் நம்புவார்கள், நான் பொய் சொல்கிறவள் இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இராது, கோபப்பட்டேன் சாமி, கோயிலில் பராக்குப் பார்த்தேன் சாமி. பிள்ளைகளிடம் சொன்ன இதுகளை நான் அங்கே ஒருநாளும் சொன்னதில்லை, இதுகள் பொய் என்றே எனக்குத் தோன்றியதில்லை. சண்டை வராமல் இருக்கச் சொன்னது. முள்ளை எடுத்துவிட்டுச் சொன்னது. இப்போது பிரகாசியிடம் சொன்னதில் யாருக்குச் சண்டை வராமல் பார்த்தேன்? ஒருவருக்கும் இல்லை. அதாவது, மூடிக்கொள்வதற்குச் சொன்னேன். அப்படியென்றால் முந்தின இரண்டும்? வேண்டாம், அந்தப் பக்கம் போகவேண்டாம், அருள் நிறைந்த, நாலாவது மணி, இது நாலாவது.

வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. மொட்டுப் பந்துகள் பகலில் செங்கல் நிறம், இந்த நேரத்தில் வெளுத்து நூல் நூலாக விரிந்து, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட தேங்காய்ப்பூ உருண்டைபோல ஆகிவிடும். வாசனை என்று சொல்ல முடியாது, புளித்த மோரும் பாலும் கலந்தது மாதிரி ஒன்று. அதுக்குத்தாம்மா பூ ராத்திரி விரியுது, அதுகளக் கூப்பிட, என்பாள் அனிற்றா. சார்ட்டில் கடைசிக் கட்டம் அதுதான். கொடுப்பது என்று தலைப்பு. மரம், தேன் கொடுக்கும். வவ்வால், முகத்தில் ஒட்டின பூந்தூளை அடுத்த மரத்துக்குக் கொண்டு கொடுக்கும். அதற்குத் தான் கொடுக்கிறது தெரியுமா மோளே? "தெரியாதும்மா. அதுக்குப் பசி. அவ்வளவுதான்." மரத்துக்கு? "மரத்துக்கும் தெரியாது." ஒன்றையொன்று தெரியாமல் இவ்வளவு காலமாக ஒன்றுக்கொன்று. அன்றைக்கு எழுதும்போது நான் எனக்குள்ளே பெருமையாக நினைத்தேன், இந்தத் தூள் இருக்கிறதே, இங்கிருந்து அங்கே போய்ச் சேர்கிறதே, இதுதான் நான் என்று. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு போய்வருகிற தூள். அவள் தலையாட்டுகிற ஆள் என்றது சுட்டாலும் அந்த நினைப்பு உள்ளே இனிப்பாக இருந்தது. தூளா. தூள் போய்ச் சேர்கிறது. நான் எதைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்? இவனிடமிருந்து புறப்பட்டது அவளிடம் போகவில்லை, அவளிடமிருந்து வந்தது இவனுக்குக் கிடைக்கவில்லை, எல்லாம் நடுவில் என்னிடத்தில் நின்றுபோயிற்று. கண்ணுக்குத் தெரியாத நரம்பு. வருவது எதுவானாலும் பிடித்து நிறுத்திவிடும், நிறுத்தியதை நல்லது என்றும் நினைத்துக்கொள்ளும். அந்தச் சார்ட்டில் எனக்குக் கட்டம் இல்லை என்று வருத்தப்பட்டேனே, நடுவில் அடிக்கோல் வைத்துப் போட்டேனே அந்தக் கோடு, அது நேராக வரவேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன்.

கிளையில் அசைவு. சிறகை ஒரு பக்கம் விரித்து நக்குகிறது. இன்னொரு பக்கம். குட்டி இருக்கிறதா, விழுந்துவிட்டதா, இந்த வெளிச்சத்தில் என் கண்ணுக்கு எட்டவில்லை. மேலே உச்சிக்கிளையில் வேறு இரண்டு மூன்று வந்துவிட்டன, சட், சட், சட் என்று சிறகு அடிக்கிற சத்தம், விரல் சொடுக்குவதுபோல. நீயும் போ. உன் கூட்டம் வந்துவிட்டது, போ. போய்விட்டால் கிளை சும்மா கிடக்கும், வலையில் ஒரு கிழிசல், கிழிசல் யார் கண்ணுக்குத் தெரியும், நான் சூரை முள் என்பேன், ரெக்ஸன் நம்புவான், ஸ்டெஃபி ஜெனியாவைத் தருவாள், நான் வாங்குவேன். வாங்கி? அது என் விரலைத்தான் பிடிக்கும். தூக்கினவுடன் அதற்கு வேண்டியது பெருவிரல். பிடித்து நேரே வாய்க்குக் கொண்டுபோகும். கழுவியாயிற்று, சோப்புப் போட்டாயிற்று, கழுவின விரலில் என்ன இருக்கும். ஒன்றும் இராது. இராது என்று யார் சொன்னது? நான் சொன்னேன். அக்கா சொன்னாள் என்று நான் சொன்னேன், ரெக்ஸன் கட்டினான் என்று நான் சொன்னேன், ஒன்றும் இராது என்றும் நான் சொல்கிறேன். விரல் விம்மிக்கொண்டு வருகிறது, நெஞ்சு அங்கேயும் ஒன்று இருப்பதுபோல அடிக்கிறது. சாக எனக்குப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன், பயம்தான், வெறிநாய் கடித்த ஒருத்தரைச் சின்ன வயதில் எங்கள் தெருவில் அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள், தண்ணீர்ச் செம்பைக் கண்டு அவர் போட்ட சத்தம். ஆனால் அதைவிடப் பயம் வேறே. நான் செத்துக்கிடந்தால் இரண்டு பேரும் இரண்டு பக்கம் நின்று, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் அழுவார்கள். ஏன் பேசவில்லை என்பது அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் கிடப்பாள், கையில் செபமாலை சுற்றி.

பைக். வளைவில் கியர் குறைக்கிற சத்தம், அவன்தான், அதற்கு மேல் குழந்தையின் அழுகை. மணி கையில் நிற்கிறது, எத்தனையாவது என்று இனிக் கேட்டுப் பயனில்லை. கேட் திறக்கிறது. ரெக்ஸன் ஹெல்மெட்டோடு, "எம்மா, இருட்டுல என்ன செய்யிறீங்க, கொசு தின்னட்டும்னா?" என்று வராந்தா லைட்டைப் போடுகிறான். கண் கூசுகிறது. ஸ்டெஃபி செருப்போடு படி ஏறிவிட்டாள், முகமெல்லாம் வேர்வை, தோளில் கிடந்த பிள்ளையை எடுத்து, "மாமி, பிடிங்க, வழி பூரா ஒரே கரச்சல், ஓங்கள கண்டாதான் நிறுத்துவா" என்று நீட்டுகிறாள். சிவந்த முகம், தொடையில் ஒட்டின சின்னப் பஞ்சு. என்னைக் கண்டதும் அழுகை ஒரு நொடி நிற்கிறது, இரண்டு கையும் விரிகிறது. என் கை போகிறது. அதுவாகப் போகிறது. பாதி வழியில் பிடித்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். ஸ்டெஃபியின் கை நீட்டினபடி நிற்கிறது. அவள் முகம் மாறுகிறது, வந்த இரண்டு வருசத்தில் நான் அப்படி ஒருநாளும் செய்ததில்லை. "மாமி?"

நீயே வச்சுக்க மோளே, என்கிறேன். என்னைத் தொடாத. என்னை வவ்வால் கடிச்சிட்டு.

"நான் சொன்னேன்லா!" ரெக்ஸன் ஹெல்மெட்டைத் தரையில் வைக்கவில்லை, போடுகிறான். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா! நாளைக்கு விடியட்டும், இந்த மரத்த..." மரம் கடிக்கல்ல மோனே, என்கிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது, சத்தமாகவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கழுவியாச்சு, ஆஸ்பத்திரிக்குப் போவணும், ஊசி போடணும், வண்டியத் திருப்பு. அதுக்கு முன்ன அக்காவக் கூப்பிடு. "அவகூட எனக்கு என்ன பேச்சு? வலை கெட்டினா வராதுன்னு சொன்னவதானே அவ?" எனக்க போன்ல போடு, எடுப்பா. சத்தமா வச்சுப் பேசு, எல்லாருக்கும் கேக்கட்டும். "எம்மா, நேரம் போவுது, ஆஸ்பத்திரியில வச்சு அவளுக்கு நீங்க தனியா சொல்லிக்கிடுங்க." இல்லை, என்கிறேன். ரெண்டுபேருக்கும் ஒரே தடவையாத்தான் சொல்லணும். தனித்தனியா சொன்னா நான் மாத்திச் சொல்லிருவேன்.

அவன் என்னைப் பார்க்கிறான். ஹெல்மெட் உருண்டு படியோரம் போய் நிற்கிறது. ஸ்டெஃபி குழந்தையை இறுக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனவள், என்ன நினைத்தாளோ, அந்த அடியைத் திரும்ப முன்னால் வைக்கிறாள். என் மடியிலிருந்து போனை அவன்தான் எடுக்கிறான். அழைப்பு போகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, இதையாவது என்னால் தவறாமல் எண்ண முடிகிறது. "அம்மா, சொல்லுங்க, சாப்டாச்சா?" என்று கோயம்புத்தூரிலிருந்து வீடு முழுக்கக் கேட்கிற குரல். "அம்மா இல்ல. நான்தான்." மேலே சட், சட் என்று சிறகு. குழந்தை விக்குகிறது. வைத்துவிட்டாளோ என்று நினைக்கிறேன், இருபத்துமூன்று நாளும் அந்த ஒரு மூச்சுக்குள் நிற்கிறது. பிறகு, "என்னலே" என்கிறாள்.

கிளையில் அது இருக்கிறதா, போய்விட்டதா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. போனை என் வாய்க்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்கிறேன்.